படிக்கு ஒரு பாட்டு

நம்ம சங்கத்து ஆண்டு மலருக்கு யார் யாரைப் பற்றி எழுதுவது என்று பேச்சு வந்தபோது, நண்பர்கள் எடிசன், விஸ்வேஸ்வரய்யா, அப்துல் கலாம் என்று ஆளுக்கு ஒருவரைப் பிடித்துக்கொண்டார்கள். நான் ஒரு சமையல்காரரைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும் எல்லோரும் சிரித்தார்கள். சிரிக்கட்டும். விஸ்வேஸ்வரய்யா 1912 முதல் 1918 வரை மைசூர் சமஸ்தானத்துக்குத் திவானாக இருந்தவர். நான் சொல்லப்போகிறவர் அதே மைசூர் அரண்மனையில், அதற்குச் சில வருஷம் முன்பு வரை கரண்டி பிடித்தவர். அவர் பெயர் அர்த்தநாரி. பிற்காலத்தில் ஊர் உலகம் அவரை வள்ளிமலை சச்சிதானந்த சுவாமிகள் என்றது. திருப்புகழ் சுவாமிகள் என்றும் சொல்வார்கள்.

வள்ளிமலை எங்கே இருக்கிறது என்று நம்ம ஹாஸ்டலில் கேட்டேன். ஆம்பூர், வாணியம்பாடி பக்கத்துப் பையன்களில் பாதிப் பேருக்குத் தெரியவில்லை. காட்பாடியிலிருந்து டவுன் பஸ் தூரம்தான் நண்பர்களே! பொன்னை போகிற பக்கம், மேல்பாடியைத் தாண்டினால் மலை தெரியும். முருகன் தேடி வந்து கட்டிக்கொண்ட வள்ளி பிறந்த இடம் அதுதான் என்பது நம்ம ஜில்லாக்காரர்களின் நம்பிக்கை. வள்ளிக்கிழங்கு தோண்டிய குழியில் கிடந்த குழந்தையை வேடர் தலைவன் நம்பிராஜன் எடுத்து வளர்த்தது, அவள் தினைப்புனத்தில் பரண் மேல் நின்று கிளி ஓட்டியது, முருகன் வேடனாக வந்து, வேங்கை மரமாக நின்று, கடைசியில் கிழவனாக வந்து மாட்டிக்கொண்டது, அண்ணன் பிள்ளையார் யானையாக வந்து உதவி பண்ணியது... இந்தக் கதை தெரியாத ஆயா நம்ம பக்கத்தில் கிடையாது. மலை மேலே குடைவரையில் முருகன் கோவில். அதே மலையில் சமணர்கள் செதுக்கிய தீர்த்தங்கரர் சிற்பங்களும், கங்க மன்னன் ராஜமல்லன் காலத்துக் கல்வெட்டும் இருக்கின்றன. ஆயிரம் வருஷத்துக்கு மேலாகவே ஜனங்கள் ஏறி இறங்குகிற மலை.

மாசி மாதத்துத் தேர் அங்கே விசேஷம். மற்ற ஊரில் தேர் நாலு வீதி சுற்றி ஒரே நாளில் நிலைக்கு வந்துவிடும். வள்ளிமலையில் மாடவீதி என்பது அந்த மலையைச் சுற்றிய வழிதான். தேரை மலையைச் சுற்றி இழுத்து வர நாலு நாள் ஆகும். ஊருக்கு ஊர் நின்று, தேங்காய் உடைத்து, மறுநாள் அடுத்த ஊர்க்காரர்கள் வடம் பிடிப்பார்கள். பிறகு வேடர்கள் பெண் வீட்டுக்காரர்களாக சீர் கொண்டு வர, வள்ளி கல்யாணம். நம்ம தெருவில் ஒரு கல்யாணம் நடந்தால் எப்படி இருக்குமோ அப்படித்தான் இருக்கும். சாமி கல்யாணம் என்று தள்ளி நின்று பார்க்கிற பழக்கமே அங்கே இல்லை.

சுவாமிகளுக்குச் சொந்த ஊர் இது இல்லை. அவர் 1870-ல் பவானியில் பிறந்தவர். காவிரியும் பவானியும் கூடுகிற அந்த ஊர்தான். சின்ன வயதிலேயே மைசூர் பக்கம் போய்விட்டார். பள்ளிக்கூடப் படிப்பு ஏறவில்லை. அரண்மனைச் சமையற்கட்டில் வேலை. கல்யாணம் ஆயிற்று, குழந்தைகளும் பிறந்தன. அந்த வாழ்க்கையைப் பற்றி விரிவாக எழுத என்னிடம் சரக்கு இல்லை. ஒரு சமையல்காரரின் தினசரியை யார் எழுதி வைக்கப் போகிறார்கள்? விறகு, புகை, பெரிய பெரிய அண்டா, வேளை தவறாத பந்தி. நம்ம ஹாஸ்டல் மெஸ் மாஸ்டரைக் கேட்டால் அவர் இன்னும் நன்றாகச் சொல்வார்.

அவருக்குத் தீராத வயிற்று வலி வந்தது. வைத்தியம் பார்த்தும் கேட்கவில்லை. யாரோ பழநிக்குப் போகச் சொன்னார்கள். நாற்பது வயதை நெருங்குகிற சமயம் குடும்பத்தோடு பழநிக்கு வந்து, மலையைச் சுற்றிக்கொண்டு, அபிஷேகத் தீர்த்தத்தைக் குடித்துக்கொண்டு கிடந்தார். வலி போய்விட்டது என்று வரலாற்றில் சொல்கிறார்கள். அந்தக் காலத்தில் கோவிலில் நாட்டியமாடும் பெண்கள் உண்டல்லவா? அப்படி ஒரு பெண் சந்நிதியில் ஒரு பாட்டுக்கு அபிநயம் பிடித்தாள். அது திருப்புகழ். பாட்டின் வேகமும் சந்தமும் அர்த்தநாரியைப் பிடித்துக்கொண்டன. இது என்ன பாட்டு, யார் பாடியது, எங்கே கிடைக்கும் என்று விசாரிக்க ஆரம்பித்தவர், அப்புறம் சாகும் வரை விசாரித்துக்கொண்டேதான் இருந்தார்.

இங்கே கொஞ்சம் திருப்புகழைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். அருணகிரிநாதர் பதினைந்தாம் நூற்றாண்டில் திருவண்ணாமலையில் வாழ்ந்தவர். ஊர் ஊராகப் போய் பாடினார். பதினாறாயிரம் பாட்டு என்று சொல்வது வழக்கம். கையில் கிடைத்திருப்பது ஆயிரத்து முந்நூறுக்குக் கொஞ்சம் மேல். அவை ஓதுவார்கள் வாயிலும் கோவில் ஆடல் பெண்கள் வாயிலும் சில ஏட்டுச் சுவடிகளிலும்தான் உயிரோடு இருந்தன. வடக்குப்பட்டு த. சுப்பிரமணிய பிள்ளை என்ற மாவட்ட முன்சீப், கோர்ட்டு வேலை போக மிச்ச நேரத்தில் ஊர் ஊராக ஏடு தேடி, 1894-ல் முதல் பாகத்தை அச்சிட்டார். இரண்டாம் பாகம் சில வருஷம் கழித்து வந்தது. அந்த முன்சீப் மட்டும் புத்தகம் போட்டிருக்காவிட்டால் நம்ம சமையல்காரர் தேடிப் போயும் கையில் பிடிக்க ஒன்றும் இருந்திருக்காது. ஒருவர் அச்சாக்கினார், இன்னொருவர் அதை ஜனங்கள் வாயில் போட்டார். கணக்கு அப்படித்தான் வருகிறது.

புத்தகம் கிடைத்தது சரி, படிக்க வேண்டுமே! அர்த்தநாரிக்கு எழுத்து வராது. நாற்பது வயதுக்குப் பக்கத்தில், மகன்கள் சிலேட்டு பிடிக்கிற வயதில், அப்பா அ-னா ஆ-வன்னா எழுதிப் பழகினார். தெரிந்தவர்களைக் கேட்டு எழுத்துக் கூட்டினார். அதுவும் எதை வைத்து? முதல் வகுப்புப் பாடப் புத்தகத்தை வைத்தல்ல, திருப்புகழை வைத்து! அருணகிரிநாதர் படத்தில் (1964) டி.எம். சௌந்தரராஜன் பாடிய பாட்டை நாக்கு சுளுக்காமல் முழுசாகச் சொல்ல நம்ம வகுப்பில் எத்தனை பேரால் முடியும்? திருப்புகழில் சொற்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டே போகும். எங்கே பிரிப்பது என்று தெரியாவிட்டால் அர்த்தமே மாறிவிடும். ஆனால் தாளம் தப்பினால் காதே காட்டிக் கொடுத்துவிடும். லேத்தில் ஜாப் சென்டர் தப்பினால் சத்தத்திலேயே தெரியும் இல்லையா, அது மாதிரி. அவருக்கு சமையற்கட்டில் கேட்டுப் பழகிய காது உதவியிருக்கும் என்று நான் நினைக்கிறேன்.

இந்த இடத்தை நான் நாலைந்து தடவை திரும்பத் திரும்பப் படித்தேன். காரணம் சொல்கிறேன். எங்க அப்பா ஆம்பூரில் ஒரு டேனரியில் டிரம் போடுகிறவர். அம்மா ஷூ கம்பெனிக்குப் போகிறார்கள். எங்க குடும்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தாண்டிய முதல் ஆள் நான்தான். அப்பாவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியும். அதுவும் எழுதுவது இல்லை, வரைவது. அம்மா கைநாட்டு. சம்பளக் கவரில் எதற்கு எவ்வளவு பிடித்தார்கள் என்று பார்க்க நான் சனிக்கிழமை வீட்டுக்கு வரும் வரை அதைத் தலையணைக்கு அடியில் வைத்திருப்பார்கள். நான் கற்றுத் தருகிறேன் என்றால், நாற்பத்தொரு வயசுல எனக்கு எதுக்குடா என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். இந்த மைசூர் சமையல்காரர் கதையைச் சொன்னேன். அந்த ஆளுக்குப் பொழுது இருந்திச்சு, எனக்கு எங்க இருக்குது என்றார்கள். அதுவும் நியாயம்தான், இரண்டு வேளை உலை வைத்து, கம்பெனிக்கும் போகிற பெண்ணுக்கு எந்தச் சுவாமிகள் கதையைச் சொல்லி என்ன! ஆனால் அடுத்த வாரம் நான் போனபோது காலண்டர் தாளின் பின்பக்கத்தில் அவர்கள் பெயரை எழுதித் தரச் சொன்னார்கள். இப்போது எட்டு மாதம் ஆகிறது. பஸ் போர்டு படிக்கிறார்கள். மெய்யெழுத்து புள்ளிதான் இன்னும் தகராறு.

சுவாமிகள் கதைக்கு வருகிறேன். எழுத்து வந்ததும் ஆள் வீட்டில் நிற்கவில்லை. குடும்பத்தை விட்டுவிட்டுச் சந்நியாசம் வாங்கிக்கொண்டார். பெரியவர்கள் வரலாற்றை எழுதுகிறவர்கள் இந்த இடத்தை ஒரே வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அப்படித் தாண்ட மனசு வரவில்லை. அந்த அம்மாவும் பிள்ளைகளும் என்ன பாடுபட்டிருப்பார்கள்! அவர் மேல் மரியாதை இருக்கிறது, இந்த ஒன்றில் மட்டும் எனக்குச் சமாதானம் இல்லை. எழுத வேண்டும் என்று தோன்றியது, எழுதிவிட்டேன்.

அலைந்து திரிந்து திருவண்ணாமலைக்கு வந்தார். அப்போது ரமணர் மலை மேல் விரூபாட்ச குகையில் இருந்தார். கோவணமும் தடியுமாக நின்ற ரமணரைப் பார்த்தபோது பழநியாண்டி மாதிரியே இவருக்குத் தெரிந்ததாம். கொஞ்ச காலம் அங்கே கூட இருந்தார். ஒரு நாள் ரமணர் இவரைக் கீழே போகச் சொன்னார். ஏன், எதற்கு என்று சொல்லவில்லை. இறங்கி வந்தால் எதிரே சேஷாத்ரி சுவாமிகள்! திருவண்ணாமலைத் தெருக்களில் சித்தர் மாதிரித் திரிந்தவர், 1929-ல் சமாதியானவர். அவர் இவரைப் பிடித்து வைத்து, உனக்கு வேறு மந்திரமோ சாஸ்திரமோ வேண்டாம், திருப்புகழே போதும், வள்ளிமலைக்குப் போ என்று அனுப்பினார் என்பது வரலாறு. அதற்கப்புறம் 1916 வாக்கில் வள்ளிமலைக்கு வந்து சேர்ந்தார். அவ்வளவு தூரம் சுற்றியவர் அடுத்த முப்பத்து நாலு வருஷமும் அந்த மலையைத்தான் வீடு என்று வைத்துக்கொண்டார்.

அப்போது மலை மேல் ஆள் நடமாட்டம் குறைவு. காடும் பாறையும். குகையில் தங்கி, வந்தவர்களுக்குத் திருப்புகழ் சொல்லிக்கொடுத்தார். எதற்கெடுத்தாலும் திருப்புகழ்தான். தலைவலியா, ஒரு பாட்டு. கல்யாணம் தள்ளிப்போகிறதா, ஒரு பாட்டு. பரீட்சையா, அதற்கும் ஒரு பாட்டு! (தெர்மோடைனமிக்ஸுக்கு எந்தப் பாட்டு என்று என் ரூம் நண்பன் கேட்கிறான்.) வள்ளியை அவர் பொங்கி என்ற பெயரில் கும்பிட்டார். ஒரு விசேஷத்தன்று எங்கிருந்தோ ஒரு சின்னப் பெண் வந்து நின்றாள், பெயர் கேட்டதற்குப் பொங்கி என்றாள், பிறகு ஆளைக் காணோம், வந்தது வள்ளிதான் என்று அவர் முடிவு பண்ணிக்கொண்டார். மலை மேல் அவர் ஆசிரமத்தில் இன்றும் பொங்கிக்குச் சந்நிதி இருக்கிறது. இதை நம்புவதும் நம்பாததும் அவரவர் இஷ்டம். ஒரு சமஸ்கிருதப் பெயரும் வைக்காமல், உலை பொங்குகிற மாதிரி ஒரு பட்டிக்காட்டுப் பெயரை அந்த முன்னாள் சமையல்காரர் ஏற்றுக்கொண்டாரே, அது எனக்குப் பிடித்திருக்கிறது.

அவர் செய்த காரியங்களில் பெரியது திருத்தணிப் படித் திருவிழா. இதைத்தான் நான் முக்கியமாகச் சொல்ல வந்தேன்.

அது வெள்ளைக்காரன் ஆட்சி. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்த சமயம். அப்போது ஜனவரி முதல் தேதி வந்தால் நம்ம ஆட்களுக்கு ஒரு சடங்கு இருந்தது. தாசில்தார், குமாஸ்தா, ஜமீன்தார், வியாபாரி எல்லோரும் குளித்து, தலைப்பாகை கட்டி, மாலையும் பழத்தட்டும் எலுமிச்சம்பழமும் எடுத்துக்கொண்டு துரை பங்களா வாசலில் போய் நிற்க வேண்டும். துரை எழுந்து வந்து தலையாட்டும் வரை நிற்க வேண்டும். போகாதவன் பெயர் துரைக்கு ஞாபகம் இருக்கும் என்ற பயம். சித்திரை ஒன்றுதான் நமக்கு வருஷப் பிறப்பு. இது அவர்கள் வருஷப் பிறப்பு. இருந்தும் போய் நின்றார்கள்.

இதைப் பார்த்த சுவாமிகளுக்குத் தாங்கவில்லை. ஒரு மனுஷனைப் போய்ப் பார்ப்பதற்கு இத்தனை ஆர்ப்பாட்டமா, துரைகளுக்கெல்லாம் துரையாகத் தணிகை மலையில் ஒருத்தன் இருக்கிறானே, வருஷத்தின் முதல் கும்பிடை அவனுக்குப் போடக்கூடாதா என்று தம்மிடம் வந்தவர்களைக் கேட்டார். திருத்தணி மலைக்குப் படிகள் 365. வருஷத்துக்கு நாளும் 365. டிசம்பர் 31-ந் தேதி ராத்திரி கீழிருந்து புறப்பட வேண்டும். ஒவ்வொரு படிக்கும் மஞ்சள் குங்குமம் வைத்து, கற்பூரம் ஏற்றி, ஒரு திருப்புகழ் பாட வேண்டும். பாடி முடித்தால்தான் அடுத்த படி. பழைய வருஷத்தின் ஒவ்வொரு நாளையும் மிதித்துக் கடந்து மேலே போய்ச் சேரும்போது புது வருஷம். மேலே நிற்கிற துரைக்கு முதல் வணக்கம்!

கொஞ்சம் யோசித்துப் பாருங்கள் நண்பர்களே. அவர் ஜனவரி ஒன்றை எதிர்த்து மீட்டிங் போடவில்லை. போகாதே என்று யார் கையையும் பிடித்து இழுக்கவில்லை. அதே தேதியை, அதே ராத்திரியை, அதே மாலையையும் எலுமிச்சம்பழத்தையும் அப்படியே எடுத்து வேறு வாசலுக்குத் திருப்பிவிட்டார். சர்க்காரால் கேஸ் போடவும் முடியாது. சாமி கும்பிடுகிறவனை என்ன சொல்வது? நம்ம பாஷையில் சொன்னால், மோட்டாரை மாற்றாமல் பெல்ட்டை மட்டும் வேறு புல்லியில் மாட்டிய வேலை.

முதலில் சின்னக் கூட்டம்தான் போயிற்று. மெட்ராஸிலிருந்து ஆபீஸ் உத்தியோகஸ்தர்கள் வர ஆரம்பித்த பிறகு வருஷா வருஷம் பெருகியது. திருப்புகழ் சபைகள் கிளம்பின. இதே காட்பாடி பக்கத்துக் காங்கேயநல்லூரில் 1906-ல் பிறந்த கிருபானந்த வாரியார், திருப்புகழமிர்தம் என்ற மாதப் பத்திரிகையை 1936-ல் தொடங்கிப் பல வருஷம் நடத்தினார். ஒரு ஜில்லாவில் பக்கத்துப் பக்கத்து ஊரில் இரண்டு திருப்புகழ்க்காரர்கள்! வாரியார் மேடை ஏறிப் பேசியவர். சுவாமிகள் படி ஏறிப் பாடியவர்.

உலகத்தில் மற்றவர்கள் அந்த ராத்திரியை என்ன செய்கிறார்கள் என்று தேடிப் படித்தேன். தென் அமெரிக்காவில் கொலம்பியா என்ற தேசத்தில், பழைய துணியில் வைக்கோலும் மரத்தூளும் அடைத்து ஆள் உயரத்துக்கு ஒரு பொம்மை செய்வார்களாம். அதற்குப் பெயரே பழைய வருஷம் என்பதுதான். டிசம்பர் 31 நடு ராத்திரி அதைத் தெருவில் வைத்துக் கொளுத்துவார்கள். நம்ம போகி மாதிரியே! மணி பன்னிரண்டு அடிக்கும்போது ஒவ்வொரு அடிக்கும் ஒரு திராட்சைப்பழம் விழுங்குவார்கள். அடுத்த வருஷம் வெளியூர்ப் பயணம் அமைய வேண்டுமென்று காலிப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு தெருவைச் சுற்றி ஓடுவதும் உண்டு. (வளைகுடா போக விசாவுக்குக் காத்திருக்கிற நம்ம சீனியர்கள் கவனிக்கவும்.) அதே நாட்டில் பாஸ்தோ என்ற மலையூரில் ஜனவரி முதல் வாரம் ஒரு பெரிய திருவிழா. அதில் 5-ந் தேதி எல்லோரும் முகத்தில் கரி பூசிக்கொள்வார்கள், 6-ந் தேதி எல்லோரும் வெள்ளை மாவு பூசிக்கொள்வார்கள். ஸ்பானியர் காலத்தில் கறுப்பு அடிமைகளுக்குக் கிடைத்த ஒரு நாள் விடுமுறையிலிருந்து அந்த 5-ந் தேதி வந்தது என்பார்கள். 2009-ல் யுனெஸ்கோ அதை மனித குலத்தின் அருவப் பண்பாட்டுப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தது. எசமான் போட்ட காலண்டரில் தனக்கென்று ஒரு தேதியைப் பிடுங்கிக்கொள்வது நம்ம ஊரில் மட்டும் நடந்த விஷயம் இல்லை போலிருக்கிறது.

ஆனால் இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். சுவாமிகள் படித் திருவிழா ஆரம்பித்த காலத்தில் என் கொள்ளுத் தாத்தா அந்தப் படியில் ஏறி, மேலே கோவிலுக்குள் போய் முருகனைப் பார்த்திருக்க முடியாது. தோல் தொட்ட குடும்பங்களுக்குக் கோவில் வாசல் அடைத்தே இருந்த காலம் அது. மதுரை மீனாட்சி கோவிலில் வைத்தியநாத ஐயர் 1939-ல் ஆலயப் பிரவேசம் நடத்தினார். மெட்ராஸ் மாகாணம் முழுமைக்கும் சட்டம் வந்தது 1947-ல். துரை பங்களா வாசலில் நிற்கக்கூடாது என்று ஒரு பெரியவர் சொன்னது சரி. எந்த வாசலிலும் நிற்க விடாமல் வைத்திருந்த ஜனங்களுக்கு அந்த ராத்திரி என்னவாக இருந்தது? அவர்கள் தங்கள் தெரு மாரியம்மனுக்குக் கூழ் ஊற்றிக்கொண்டிருந்தார்கள். குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுக்கு வைகாசி முதல் தேதி கூட்டத்தோடு கூட்டமாக நின்றார்கள். இன்றைக்கும் டேனரி வேலை முடிந்து பஸ் ஏறுகிற எங்க அப்பா பக்கத்தில் சில பேர் உட்கார மாட்டார்கள். எழுந்து போய்க் கம்பியைப் பிடித்து நிற்பார்கள். அப்பா அதைக் கவனிக்காத மாதிரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொள்வார். அந்த ஷூவைப் போட்டுக்கொண்டுதானே அவர்களும் நிற்கிறார்கள் என்று எனக்குச் சொல்லத் தோன்றும்.

எங்க ஆயா முதல் முதலாகத் திருத்தணிக்குப் போனது ஒரு ஆடிக் கிருத்திகைக்கு, புஷ்பக் காவடி எடுத்துக்கொண்டு. கல்யாணமான புதுசில். மலை மேல் வரிசையில் நிற்கும்போது யாராவது எந்த ஊரு, என்ன ஆளு என்று கேட்டுவிடுவார்களோ என்ற பயத்தில், கண்ணை மூடிக்கொண்டு அரோகரா அரோகரா என்று விடாமல் கத்திக்கொண்டே போனதாம். யாரும் கேட்கவில்லை. கூட்டத்தில் கேட்கவும் முடியாது. திருவிழாக் கூட்டத்துக்கு இப்படி ஒரு உபயோகம் இருக்கிறது என்பதை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லவில்லை, ஆயாதான் சொன்னது.

இடையில் திருத்தணியே ஊர் மாறி ஊர் வந்த கதையும் உண்டு. பழைய வட ஆற்காட்டிலிருந்து 1911-ல் சித்தூர் ஜில்லாவைப் பிரித்தபோது திருத்தணி அந்தப் பக்கம் போய்விட்டது. 1953-ல் ஆந்திரா தனி மாநிலமானபோது சித்தூரோடு சேர்ந்து ஆந்திராவுக்கே போயிற்று. ம.பொ.சிவஞானமும் மற்றவர்களும் வடக்கு எல்லைப் போராட்டம் நடத்தி, 1960 ஏப்ரல் முதல் தேதி திருத்தணி சென்னை மாநிலத்துக்குத் திரும்பி வந்தது. இத்தனை இழுபறியிலும் டிசம்பர் 31 ராத்திரிக் கூட்டம் நிற்கவில்லை. பாட்டுக்கு எந்த ஜில்லா? நம்ம வட ஆற்காடே பிறகு துண்டு துண்டாகி, 2019-லிருந்து ஆம்பூர்க்காரர்கள் திருப்பத்தூர் மாவட்டம், வள்ளிமலை வேலூர் மாவட்டம். நானே வேறு ஜில்லாக்காரன் ஆகிவிட்டேன்.

சுவாமிகள் 1950 நவம்பர் 22-ல் காலமானார். ரமணர் போன அதே வருஷம். வயது எண்பது. அவர் தவம் செய்த வள்ளிமலைக் குகையிலேயே சமாதி வைத்தார்கள். அந்த வருஷம் டிசம்பர் 31 வருவதற்கு நாற்பது நாள்கூட இல்லை. ஆரம்பித்த ஆள் இல்லாமல் படித் திருவிழா நடந்தது. அதற்கப்புறமும் நடந்துகொண்டே இருக்கிறது. நூறு வருஷம் தாண்டிவிட்டது. இப்போது பஜனைக் குழுக்கள் ஒன்றன்பின் ஒன்றாக விடிய விடிய ஏறுகின்றன. மைக், ஹார்மோனியம், கஞ்சிரா எல்லாம் உண்டு. நேரே மேலே போக மலைப்பாதையில் வண்டியும் உண்டு; அதில் போகிறவர்களை ஏறுகிறவர்கள் கொஞ்சம் ஏளனமாகத்தான் பார்ப்பார்கள். பாட்டுத் தெரியாதவர்கள் என்ன செய்வது என்று பயப்பட வேண்டாம். முன்னால் ஒருவர் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவார், பின்னால் இருப்பவர்கள் கடைசி வரியைப் பிடித்துக்கொண்டால் போதும்.

இந்த வருஷம் நம்ம இரண்டாம் ஆண்டு மெக்கானிக்கலில் ஆறு பேர் போவதாக இருக்கிறோம். ஆம்பூரிலிருந்து ரயிலில் அரக்கோணம், அங்கே மாறி திருத்தணி. வர விரும்புகிற நண்பர்கள் டிசம்பர் 20-க்குள் பெயர் கொடுத்துவிடவும். கற்பூரம் மொத்தமாக வேலூரில் வாங்கிவிடலாம், மலையடியில் விலை அதிகம். ராத்திரி பனி கடுமையாக இருக்கும், ஆளுக்கு ஒரு போர்வை கட்டாயம்.